நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்

2025 நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா போன் செய்தார். கிளையில் கூட்டம் அதிகம். ஒரு பெரியவர் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க வந்து, கைரேகை எடுக்கிற கருவி அவர் விரலை ஏற்க மறுத்து, நான்காவது முறையாகத் துடைத்துவிட்டு வைத்துக் கொண்டிருந்தார். (நவம்பர் மாதம் எந்தப் பொதுத்துறை வங்கிக் கிளைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.) அம்மா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. அதனால் எடுத்தேன்.

"தம்பி, அங்கன்வாடி டீச்சர் வந்துருக்கு. ஓட்டு பாரம் குடுக்குது. உம் பேருக்கு ஒண்ணு, அப்பா பேருக்கு ஒண்ணு, எம் பேருக்கு ஒண்ணு. ஒனக்கு நான் கையெழுத்துப் போட்டுடவா?"

அப்பா காலமானது 2017-இல். எட்டு வருடமாக அவர் பெயர் பட்டியலில் அப்படியே இருந்திருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. நானும்தான். மூத்த மகன், வங்கி அதிகாரி, தினமும் பத்துப் பேரிடம் "இறப்புச் சான்றிதழ் நகல் எங்கே?" என்று கேட்கிறவன்.

"போடாதீங்கம்மா. சாயங்காலம் கூப்பிடறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. குடும்பத்தில் வயது வந்த ஒருவர் மற்றவருக்காகக் கையெழுத்திடலாம் என்பது விதி. அம்மா போட்டிருந்தால் என் பெயர் இன்னும் சில வருடங்கள் வலங்கைமான் பக்கத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். நானும் எப்போதும் போல வதோதராவில் உட்கார்ந்துகொண்டு தமிழ்நாட்டு அரசியல் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். நான் பிறந்த 1980-இல் அது தஞ்சாவூர் மாவட்டம். 1997-இல் திருவாரூர் மாவட்டமானது. கும்பகோணத்தில் பி.காம். படிக்கப் போன வருடமும் அதுதான். 1999 தேர்தலில் பட்டியலில் பெயர் வரவில்லை. முதல் ஓட்டு 2001 மே மாதம், சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க இயந்திரத்தில் வாக்களித்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. பொத்தானை அழுத்தியதும் நீளமாக ஒரு 'பீப்'. என் பாட்டி பயந்துபோய் "நான் ஒண்ணும் பண்ணலைய்யா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்தது 2004 மக்களவை. அந்த ஆகஸ்டில் வங்கியில் சேர்ந்து ராஜஸ்தான் பில்வாராவுக்குப் போனேன். 2006 மே மாதம் இரண்டு ரயில், ஒரு பஸ் பிடித்து வந்து ஓட்டு போட்டுவிட்டு மறுநாளே கிளம்பினேன். அப்போது திருமணமாகவில்லை, முதுகும் வலிக்கவில்லை.

அதுதான் கடைசி. 2009, 2011, 2014, 2016, 2019, 2021, 2024. தமிழ்நாட்டில் ஏழு பொதுத்தேர்தல்கள். ஒன்றிலும் நான் போடவில்லை.

காரணம் கேட்டால் நிறைய இருக்கிறது. 2009-இல் இந்தூரில் கைக்குழந்தை. 2011 ஏப்ரலில் ஆடிட். வங்கிக்காரர்களுக்கு இது புரியும். மார்ச் 31 க்ளோசிங் முடிந்து ஆடிட்டர் வந்து உட்காருகிற நேரத்தில்தான் நம் ஊரில் தேர்தல் வரும். மேனேஜர் லீவு கேட்டால் ரீஜனல் ஆபீசில் சிரிப்பார்கள். 2016-இல் டிக்கெட் கடைசி வரை வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தது. 2021-இல் கொரோனா இரண்டாவது அலை. இதெல்லாம் உண்மைக் காரணங்கள்தான். ஆனால் ஏழையும் வரிசையாக எழுதிப் பார்க்கும்போது வாராக்கடன் வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கிற கடிதம் மாதிரிதான் இருக்கிறது.

மீதி மூன்று முறைக்கான காரணம்தான் வேடிக்கை. 2014, 2019, 2024. அந்த வருடங்களில் எனக்குத் தேர்தல் வேலை. நுண் பார்வையாளர் என்று ஒரு பதவி. மைக்ரோ அப்சர்வர். மத்திய அரசு, பொதுத்துறை ஊழியர்களைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். மாநில அரசு ஊழியர்கள் நடத்தும் வாக்குச்சாவடியில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து, சாயங்காலம் பார்வையாளருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். 2017, 2022 குஜராத் சட்டமன்றத் தேர்தல்களையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து முறை செய்திருக்கிறேன்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன் மாதிரி வாக்குப்பதிவு. முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டுக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்து, பிறகு சீல். எங்களுக்கு இது கேஷ் பாலன்ஸ் பார்க்கிற மாதிரி. சாயங்காலம் 17ஏ பதிவேட்டில் இருக்கிற கையெழுத்தும் இயந்திரம் காட்டுகிற எண்ணிக்கையும் ஒத்துப்போனால், அன்றைய கணக்கு டேலி ஆன சந்தோஷம். சாவடிக்குள் ஏழு நொடி மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டு விழுகிற அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ரசீது வாங்கிக்கொண்டு கவுண்டரை விட்டுப் போகிறவர் முகம்.

2017 டிசம்பரில் வதோதரா மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பாட்டி மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறானே, இவன் யார் என்று நினைத்திருப்பார். "தமே மத் ஆப்யோ, பாய்?" என்று கேட்டார். நீங்க ஓட்டு போட்டுட்டீங்களா தம்பி?

"இல்லை, எனக்கு ஊர் வேற" என்றேன்.

"அங்கே யார் உனக்காகப் போடுவார்கள்?"

சாவடியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாக்குச்சாவடி அலுவலர்களில் பலர் அஞ்சல் வாக்கு போட்டிருந்தார்கள். மக்களவைத் தேர்தல் என்றால் அந்தத் தொகுதிக்காரர்கள் பணிச் சான்றிதழைக் காட்டி வேலை பார்க்கிற சாவடியிலேயே போட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டும் கிடையாது. தொகுதியின் வாக்காளராக இருந்தால்தானே?

மையைப் பற்றி இன்னொன்று. 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்ற வந்தவர்களுக்கு விரலில் மை வைக்கச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? அதே தேர்தல் மைதான். வலது கை ஆட்காட்டி விரலில் வைக்கச் சொல்லி உத்தரவு. அந்த வாரமே, நவம்பர் 19-ஆம் தேதி, நம் ஊர்ப் பக்கம் தஞ்சாவூரிலும், அரவக்குறிச்சியிலும், திருப்பரங்குன்றத்திலும் தேர்தல் இருந்தது. ஓட்டு போடுவதில் குழப்பம் வரக்கூடாது என்று தேர்தல் ஆணையம் நிதியமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. நான் இங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்று, வரிசையில் வந்த கூலித் தொழிலாளிகளின் விரலில் மை வைக்கிற ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பாதிப்பேர் பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசாக்காரர்கள். ஓட்டு போடுவதற்கு ஊருக்குப் போக முடியாதவர்களின் விரலில் கடைசியில் ஒரு மை விழுந்தது, சொந்தப் பணத்தை மாற்றுவதற்காக. அன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை. இரவு பதினொரு மணி வரை கேஷ் எண்ணினோம்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தில்தான் வாக்காளராக முடியும். ஒரு தொகுதிக்கு மேல் பெயர் இருக்கக் கூடாது. சொந்த வீடு ஒரு ஊரில் இருப்பதால் மட்டும் அந்த ஊரில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார். நான் 2013-லிருந்து வதோதரா. நடுவில் ஆனந்த், பரூச் என்று மாற்றல் வந்தபோதும் ரயிலில் போய் வந்தேன். 2016-இல் ஊழியர் வீட்டுக்கடனில் ஃப்ளாட் வாங்கினேன். கடன் பத்திரத்தில் நானே இதில் குடியிருப்பேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆக, சட்டத்தின் கண்ணில் நான் வலங்கைமான்காரன் இல்லை. பல வருடமாக இல்லை.

இதில் ஒரு வினோதம். என் மைத்துனர் துபாயில் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத வரை, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் வாக்காளராகலாம் என்று 2011-இல் நடைமுறைக்கு வந்தது. நேரில் வந்துதான் போட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் பெயர் சொந்த ஊரில் இருக்கும். கடல் தாண்டிப் போனவன் ஊர்க்காரன், ரயிலேறிப் போனவன் வெளியூர்க்காரன்! ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் சொந்த ஊர் ஓட்டும் அஞ்சல் வாக்கும் உண்டு. அது நியாயம்தான். வேட்பாளர்களுக்கும் சலுகை உண்டு. 2014-இல் நான் தேர்தல் வேலை பார்த்த வதோதராவில் மோடி நின்றார், வாரணாசியிலும் நின்றார். 2024-இல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் நின்றார். நிற்பவர் இரண்டு ஊரில் நிற்கலாம். போடுபவருக்கு ஒரே ஊர்தான்.

வங்கியில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'தற்போதைய முகவரி', 'நிரந்தர முகவரி' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இருபது வருடமாக நானும் நிரந்தர முகவரிக் கட்டத்தில் வலங்கைமான் என்றுதான் எழுதுகிறேன். வாக்காளர் பட்டியலில் மட்டும் ஒரே கட்டம். ஒரு கணக்கில் இரண்டு வருடம் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அதைச் செயல்படாத கணக்கு என்போம். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடுவோம். என் ஓட்டுக்கணக்கில் கடைசிப் பரிவர்த்தனை 2006 மே.

சரி, எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் என்று ஒன்றை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை. வதோதராவில் ஒரு சாவடிக்குப் போய் நன்னிலம் தொகுதிக்கு ஓட்டு போடலாம் என்பது யோசனை. 2019 தேர்தலில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாக்களிக்கவில்லை என்றும், அதற்கு இடப்பெயர்வு ஒரு முக்கியக் காரணம் என்றும் ஆணையமே சொன்னது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எதிர்க்கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. புலம்பெயர்ந்தவர் யார் என்ற வரையறையே இல்லை, வெளிமாநிலத்துச் சாவடியில் முகவர்களை எப்படி உட்கார வைப்பது என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். நான் சாவடியில் உட்கார்ந்தவன். முகவர் இல்லாத சாவடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விஷயம் அத்தோடு நின்றது.

அந்தச் செய்தி வந்தபோது எனக்கு ஏக சந்தோஷம். 'இதோ வந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை' என்று மேலும் மூன்று வருடம் சும்மா இருந்தேன். இப்போது யோசித்தால், அந்த இயந்திரம் மூன்று மாதம் சூரத்திலும் மூன்று மாதம் ஊரிலுமாக அலைகிற தொழிலாளிக்குத் தேவை. அவன் எங்கேயும் 'சாதாரணமாக வசிப்பவன்' இல்லை. அவனுக்காக அதை மறுபடி பேசத்தான் வேண்டும். ஃப்ளாட் வாங்கி, சொத்துவரி கட்டி, மகளை இங்கேயே பள்ளிக்கு அனுப்பிய எனக்கு அது வெறும் சாக்கு.

இதை எனக்குப் புரியவைத்தது மழை. 2024 ஆகஸ்ட் கடைசியில் விசுவாமித்திரி ஆறு பொங்கி வதோதராவில் பாதி ஊர் தண்ணீரில் நின்றது. தெருக்களில் முதலை வந்தது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சொசைட்டியில் தரைத்தளம் முழுக்க இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மின்சாரம் இல்லை. நாங்கள் இரண்டாவது மாடி. கீழ்வீட்டு ஷா குடும்பம் முழுதும் எங்கள் ஹாலில்தான் படுத்தது. என் மனைவி ரசம் வைத்துக் கொடுக்க, அவர்கள் அதில் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்கள் :-)

தண்ணீர் வடிந்த பிறகு சொசைட்டியில் கூட்டம். மழைநீர் வடிகால் சம்பந்தமாக வார்டு உறுப்பினர்களுக்கு ஒரு மனு. இங்கே மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு நான்கு உறுப்பினர்கள். மனுவை ஆங்கிலத்தில் நான் எழுதினேன். குஜராத்தியில் ஒரு வாத்தியார் எழுதினார். கையெழுத்துப் போடும்போது செயலாளர், "எல்லோரும் வாக்காளர் அட்டை எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள், அப்போதுதான் மதிப்பார்கள்" என்றார். என்னிடம் தாள் வந்தது. என் அட்டையில் இருப்பது தமிழ்நாட்டு எண். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஷா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "அப்பா, அந்த நாலு பேர் யாருன்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் எந்தத் துறைக்கு யார் அமைச்சர், முன்பு யார் இருந்தார், யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன்.

அவள் 2008-இல் பிறந்தவள். பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள். அவள் குஜராத் வாக்காளராகத்தான் ஆகப் போகிறாள். அதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது.

2025-இல் பீகாரில் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்தபோது அங்கே லட்சக்கணக்கில் பெயர்கள் போயின. அவர்களெல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள், நம் ஊர் முடிவை அவர்கள் தீர்மானிப்பார்கள் என்று பெரிய பேச்சு. எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் சித்தப்பா மகன் தினம் நாலு செய்தி அனுப்பினான். "வடக்கன் ஓட்டு வடக்குலதான் போடணும்ணே" என்றான். அதே தம்பி, அதே வாரம், எனக்குத் தனியாக, "அண்ணே, உங்க பேரை மட்டும் எடுத்துடாதீங்க, நம்ம ஓட்டு நமக்கு வேணும்" என்று எழுதினான்.

நான் அவனுக்குப் போன் செய்தேன். "நம்ம வயல்ல போன வருஷம் நடவு நட்டது யாருடா?" என்று கேட்டேன். "மேற்கு வங்காளத்து ஆளுங்க" என்றான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கும்பலாக வந்து, இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார்களாம். அம்மாதான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். "அவன் நம்மூர்லயே வீடு எடுத்து, புள்ளைய நம்ம பள்ளிக்கூடத்துல போட்டு, பத்து வருஷம் இருந்தான்னா அவன் யாரு?" என்றேன்.

"அது வேறண்ணே."

"அப்ப நான் யாரு இங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க படிச்சவங்க, அவங்க காசு வாங்கிட்டுப் போடுவாங்க" என்றான். நம் ஊர்த் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவன் இதைச் சொல்வது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் மொழி தெரியாதவன், நம் ஊர்ப் பிரச்சினை தெரியாதவன், டெல்லியைப் பார்த்து ஓட்டு போடுவான் என்ற பயம். பெயர்களை மொத்தமாகச் சேர்க்கிறார்களா, நீக்குகிறார்களா என்று சந்தேகப்படுவதும் தவறில்லை. பட்டியலைச் சரிபார்ப்பது கட்சிகளின் வேலை, அதைச் செய்யட்டும். ஆனால் 'சாதாரணமாக வசிப்பவர்' என்ற சொல் திருப்பூருக்கு ஒரு அர்த்தம், வதோதராவுக்கு ஒரு அர்த்தம் என்று இருக்க முடியாது. எனக்கு இங்கே குஜராத்தி பேசத் தெரியும். பேப்பர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'இந்த மதராசி எதற்கு எங்கள் வார்டில் ஓட்டு போடுகிறான்?' என்று ஷா கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி என்று வந்தது. பெரும்பாலானவர்கள் அதே மாநிலத்துக்குள் நகர்ந்தவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள். அவர்களை நாம் யாரும் வந்தேறி என்பதில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால் அதற்குப் பிறகு எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று இதுவரை யாரும் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என் பாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. நிரந்தரமா இடம்பெயர்ந்துட்டாருன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. நான் இங்க சேத்துக்கறேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நிரந்தரமாவா?" என்று மட்டும் கேட்டார்.

அது படிவத்தில் இருக்கிற வார்த்தை, வேறு அர்த்தமில்லை, ரிட்டையர் ஆனதும் அங்கேதானே வரப்போகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். ரிட்டையர் ஆனதும் வருவேனா என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும். "உங்க அப்பா பாரத்துல என்ன எழுதணும்னு டீச்சரே சொல்லிடுச்சு. ஒனக்கு என்ன எழுதறதுன்னுதான் அதுக்குத் தெரியல" என்றார்.

இங்கே புதிதாகச் சேர விண்ணப்பித்தேன். படிவத்தோடு ஒரு உறுதிமொழி. அதில் முந்தைய தீவிர திருத்தத்தின்போது பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அது தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005. அதைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. நன்னிலம் தொகுதியில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அப்போது எங்கள் தொகுதியே வலங்கைமான். 2008 தொகுதி மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. இல்லாத தொகுதியின் பட்டியலில் இருந்தோம் நாங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம், எழுத்து மங்கல். ஒரே வீட்டு எண்ணுக்கு நேராக வரிசையாகப் பாட்டி, அப்பா, அம்மா, நான். பாட்டிக்கு நிஜ வயதைவிடப் பத்து வயது குறைத்துப் போட்டிருந்தது. அப்பாவின் வயதைப் பார்த்தேன். இப்போது எனக்கு இருக்கிற வயதைவிட ஐந்தாறுதான் அதிகம். அப்போது அவரை நான் கிழவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு சின்ன வயசா மாமாவுக்கு?" என்றாள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு ஒன்று, பீரோவில் ஒன்று வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம், இடம்பெயர்ந்தவர்கள் 66 லட்சத்துக்கு மேல். டிவியில் இரண்டு தரப்பும் கத்தின. தகுதியுள்ளவர்கள் பலர் விடுபட்டிருக்கிறார்கள் என்ற புகாரில் விஷயம் இருக்கிறது. வாடகை வீடு மாறுகிறவனுக்குப் படிவம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் அனுப்பித் திரும்பி வந்த கவர்களை அடுக்கிவைத்திருக்கும் எந்த வங்கிக்காரனுக்கும் தெரியும். ஆனால் அந்த 66 லட்சத்தில் ஒருவர் மேல் தவறில்லை. அது நான்தான், நானே கேட்டு வாங்கியது.

இங்கே என் பெயரும் மனைவி பெயரும் பட்டியலில் வந்துவிட்டன. வார்டு உறுப்பினர்கள் நான்கு பேரின் பெயரையும் மகள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். குஜராத்தில் அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2027 கடைசியில் வர வேண்டும். அதற்குள் மாற்றல் வந்துவிட்டால் மறுபடி படிவம்தான். அதற்கு இந்த முறை இருபது வருடம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா மகன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நீக்கப்பட்டவர்கள் பட்டியல் சாவடிவாரியாகச் சுவரில் ஒட்டியிருந்தது. நான் 2001-இல் ஓட்டு போட்ட அதே கட்டிடம், இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு எண்ணில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. முதல் வரியில் அப்பா பெயர், காரணம்: இறப்பு. அடுத்த வரியில் என் பெயர், தந்தை பெயர் என்ற இடத்தில் மறுபடியும் அப்பா, காரணம்: நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்.

தம்பி போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். "அம்மாவுக்கு அனுப்பாதே" என்றேன்.

"பெரியம்மா அன்னைக்கே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கண்ணே" என்றான்.